கடவுளோடா, கடவுள் இல்லாமலா

1

"கடவுளோடா, கடவுள் இல்லாமலா?" என்று கேட்டாள் ஹெலன்.

காப்பிக் கடையில் பால் சேர்க்கவா வேண்டாமா என்று கேட்பார்களே, அதே குரல். பெர்த் நகரின் ஓரத்தில் நாங்கள் இருக்கும் பகுதியில் குடியுரிமை விழாவுக்குப் பெயர் பதியும் அலுவலகப் பெண் அவள். இந்த நாட்டுக் குடிமகளாக வேண்டுமானால் எல்லார் முன்னாலும் ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் கடவுளைச் சாட்சியாக வைத்து ஒரு சொல் வரும். மற்றதில் அது மட்டும் இருக்காது, மீதியெல்லாம் ஒன்றுதான். எது பிடிக்கிறதோ அதைச் சொல்லலாம், இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்றாள்.

இந்த நாட்டில் கடவுள்கூட விருப்பப் பாடம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

"இதைச் சொல்லிவிட்டு மீறினால் யார் தண்டிப்பார்கள்?" என்று என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் கேட்டேன். ஹெலனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சட்டத்தை மீறினால்தான் தண்டனை. இது வெறும் வாக்குறுதி" என்றாள். பிறகு, கிழவிக்குப் பயம் என்று எண்ணியோ என்னவோ, என் கையைத் தட்டிக் கொடுத்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மகள் வசந்திக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

மலாக்காவில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற டீச்சருக்கு இதில் என்ன குழப்பம் என்பீர்கள். கடவுளோடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதானே. என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காய்ந்த துணியை மறுபடியும் துவைத்துப் போடுகிறேன். அடுக்களை டப்பாக்களை இடம் மாற்றிவிட்டு, சீரகம் எங்கே என்று நானே தேடுகிறேன்.

2

பெர்த்துக்கும் மலாக்காவுக்கும் ஒரே மணி. ஊரில் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் நானும் இங்கே வைக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்தபோது எதையெதையோ மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, கடிகாரத்தை மட்டும் தொடவில்லை.

எங்கள் கடிகாரத்தைத் தொட்டவர்கள் ஜப்பானியர்கள்தான். வந்த கையோடு ஊருக்கெல்லாம் தோக்கியோ நேரம் என்று ஆணை வந்தது. இருட்டு விலகுவதற்குள் மணி ஏழு என்றார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பா நகராண்மைக் கழகத்தில் கிராணி, எழுத்தர் வேலை. மலாக்காவின் காஜா பேராங்கில், அம்மன் கோயிலுக்கு நாலு வீடு தள்ளி, பலகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, அண்ணன் சுந்தரம், நான்.

தினமும் காலையில் அலுவலகத்தில் தோக்கியோ இருக்கும் திக்கைப் பார்த்து இடுப்பு மடங்கக் குனிய வேண்டும். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. ஆற்றுப் பாலத்தில் நிற்கும் சிப்பாய்க்கும் குனிய வேண்டும், சரியாகக் குனியாவிட்டால் கன்னம் பழுக்கும். மன்னருக்கு என்றென்றும் விசுவாசமாக இருப்பேன் என்று அப்பா எத்தனை முறை சொன்னாரோ, அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அம்மா கேட்பார், "இன்னைக்கும் சத்தியம் பண்ணிட்டு வந்தீங்களா?"

"சூடம் கொளுத்துனானா? இல்லல்ல. அப்ப அது சத்தியமே இல்ல. வாயில வந்தது காத்தோட போச்சு."

எங்கள் தெருவில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்னால்தான் சத்தியம். அதில் பொய் சொன்னால் அம்மன் விடமாட்டாள், சொன்னவரை விட்டுவிட்டு அவர் பெற்றதைத் தொடுவாள் என்று நம்பினோம். மற்றபடி யாருக்குக் குனிந்தாலும் முதுகுவலியோடு சரி. ஜப்பானியர்கள் எங்களைப் பணியவைத்துவிட்டதாக நினைத்தார்கள். நாங்கள் அவர்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்தோம்.

3

"நான் கடவுள் இல்லாததைத்தான் சொன்னேன்" என்றாள் வசந்தி. இங்கே வந்த சில வருடங்களிலேயே குடியுரிமை வாங்கிவிட்டவள் அவள்.

"ஏன்?"

"அது சின்னதா இருந்துச்சு மா. சாயங்காலம் வேலைக்கு வேற போகணும்."

பொய் சொல்லத் தெரியாத பெண். ஆனால் அவள் சொன்ன உண்மை எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. வாழ்நாளுக்கான வாக்குறுதியை நீளம் பார்த்தா தேர்ந்தெடுப்பது?

அவளுக்கு என் மேல் கோபம் இருந்ததிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு முறை நான் ஊருக்குப் போய்வரும்போதும் திரும்பி வருவதற்கான விசாவுக்கு அலைகிறவள் அவள்தான். போன தடவை விமான நிலையத்தில் என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். என்ன கேட்டார்கள் என்பது பாதி புரியவில்லை, புரிந்ததற்கு நான் சொன்ன பதில் அவர்களுக்குப் புரியவில்லை. வசந்தி வெளியே நின்று அழுதிருக்கிறாள். "இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது மா" என்றாள். அதனால்தான் சம்மதித்தேன். ஆனால் மலேசியா இரண்டு குடியுரிமையை ஒத்துக்கொள்ளாது. இங்கே வாய் திறந்து சொன்ன நிமிடத்தில் அங்கே நான் இல்லை. பிறகு காஜா பேராங்குக்கு நான் சுற்றுலாப் பயணியாகத்தான் போக முடியும்.

ஹெலன் ஒரு சிறு புத்தகம் கொடுத்திருந்தாள். இந்த நாட்டு மக்கள் பொதுவாக மதிக்கிறவை எவை என்று அதில் போட்டிருந்தது. எல்லாருக்கும் சம வாய்ப்பு. யாரும் எந்த மதத்தையும் பின்பற்றலாம், எதையும் பின்பற்றாமலும் இருக்கலாம். துன்பத்தில் இருப்பவருக்குக் கை கொடுப்பது. படித்தால் எதையும் மறுக்க முடியாது. ஆனாலும் கை கொடுப்பதையும் மதத்தையும் அடுத்தடுத்த வரியில் அமைதியாக உட்கார வைத்திருக்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. அவை இரண்டும் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்ட ஒரு மத்தியானத்தை நான் பார்த்திருக்கிறேன்.

4

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு முதலில் தோட்டங்களில் இருந்துதான் வந்தது. மூன்று மாத வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள். மாதங்கள் போயின, ஆள் திரும்பவில்லை. பிறகு டவுனுக்கும் வந்தார்கள். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. பசாரில் இருந்தும் படக்கொட்டகை வாசலில் இருந்தும் இளவட்டங்களை லாரியில் ஏற்றினார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் மாக் மீனாச்சி இருந்தார், மாக் என்றால் மலாயில் அம்மா. மலாக்கா செட்டி வம்சம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பல தலைமுறைக்கு முன் வந்து இங்கேயே பெண் எடுத்து வேரூன்றிய தமிழர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. போகிக்கு முன்னோர்களுக்கு வாழையிலையில் படைப்பார்கள், எங்களைவிடச் சுத்தமாக. மாக் மீனாச்சி விதவை. சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்திப் பலகாரம் விற்பார். அரிசி காணாமல் போன பிறகு மரவள்ளிக் கிழங்கில் செய்து விற்றார். ஒரே மகள், தெங்கேராவில் கட்டிக் கொடுத்து, அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள்.

செட்டி வீடுகளை ஆள் எடுக்கிறவர்கள் தொடவில்லை. பேச்சும் உடுப்பும் பார்த்து மலாய்க்காரர்கள் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் அம்மா வேலிப்பக்கம் போய் மாக் மீனாச்சியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். மாக் மீனாச்சி முழுதும் கேட்கக்கூட இல்லை. "தாக் அப்பா" என்றார். பரவாயில்லை, அனுப்பு என்று பொருள். அண்ணன் அவர் வீட்டுப் பரணுக்குப் போய்விட்டார். பகலில் இறங்கி வந்து சம்பல் அரைத்துக் கொடுத்துவிட்டு மேலே போய்விடுவார்.

அப்பாவுக்கு அதில் இன்னொரு நிம்மதியும் இருந்தது. "நாளைக்கு எவனாச்சும் கேட்டா, என் வீட்டுல ஆள் இல்லன்னு நெஞ்சுல கைய வச்சு சொல்லலாம். பொய் இல்ல பாரு." அப்பா பொய் சொல்ல அஞ்சுகிற மனிதர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஆள் எடுக்கிறவனோடு ஒரு தமிழன் சுற்றினான். முன்னால் எங்கோ தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவன். அவனுக்கு எங்கள் கணக்கு தெரிந்திருந்தது. ஒரு மத்தியானம் தெருவில் உள்ள எல்லாரையும் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். ஜப்பானிய அதிகாரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மண்டோர் ஒரு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நடுவில் நின்றான்.

"குனிஞ்சு கும்புடுறீங்க, மனசுக்குள்ள சிரிச்சிக்கிறீங்க. எனக்குத் தெரியாதா? நானும் ஒங்க ஆளுதானே. வீட்ட சோதன போட எங்களுக்கு நேரம் இல்ல. வீட்டுக்கு ஒருத்தர் வாங்க. ஆத்தா மேல, சூடத்த அணைச்சு சொல்லுங்க. வேலைக்குப் போற வயசுல என் வீட்டுல ஆம்பள ஒளிஞ்சிருக்கலன்னு. சொன்னா விட்டுடுறோம்."

பையில் இருந்து சூடத்தை எடுத்துக் கொளுத்தினான். கோயிலிலேயே சூடம் தீர்ந்து பல மாதம் ஆகியிருந்தது, தேங்காய் எண்ணெய் விளக்குதான். அந்த வாசனை வந்ததும் கூட்டத்தில் இருந்த அத்தனை கைகளும் தாமாகக் குவிந்தன. என் கையும்தான். அதிகாரி அது தமக்கான மரியாதை என்று எண்ணித் தலையசைத்தார்.

ஒவ்வொருவராகப் போனார்கள். மூன்றாவதாகப் போன வடிவேலு, முடிதிருத்துகிறவர், தீயின் மேல் கையை நீட்டினார். உடனே இழுத்துக்கொண்டார். "கோழிக் கூண்டுக்குப் பின்னால என் தம்பி இருக்கான்" என்றார். அவனைக் கொண்டுவந்தார்கள். அவன் தன் அண்ணனைத் திட்டவில்லை. இவ்வளவுதானா என்பது போல ஒருமுறை பார்த்துவிட்டு லாரியில் ஏறினான். அவன் திரும்பி வரவே இல்லை.

அப்பா போனார். "என் வீட்டுல வேற ஆம்பள இல்ல" என்று தெளிவாகச் சொல்லிச் சூடத்தை அணைத்தார். உண்மையைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு மண்டோர் வேலியோரம் நின்ற மாக் மீனாச்சியைக் கை காட்டினான். அவரைக் கூப்பிடுவான் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. தமிழ் தெரியாது என்று அவர் தலையை ஆட்டியிருக்கலாம். மண்டோர் மலாயில் கேட்டான்.

அம்மா ஓர் அடி முன்னால் வைத்தார். அப்பா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். வடிவேலு செய்ததை இவரும் செய்தால் அண்ணன் போய்விடுவார். செய்யக்கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் பயமாக இருந்தது, ஏனென்றால் வேண்டிக்கொள்ள எதிரே இருந்ததும் அதே அம்மன்தான்.

மாக் மீனாச்சி செருப்பைக் கழற்றினார். கோயிலுக்குள் பார்த்தார். பிறகு உள்ளங்கையைப் பதித்துச் சூடத்தை அழுத்தினார், மற்றவர்கள் எடுத்ததைவிட அதிக நேரம். "தாக் அடா ஓராங் லாயின்" என்றார். வேறு ஆள் இல்லை என்று அர்த்தம். செருப்பை மாட்டிக்கொண்டு, கிழங்கு அடுப்பில் இருக்கிறது என்று போய்விட்டார்.

5

தெங்கேராவில் மகளுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. அம்மாதான் போய் ஆலத்தி சுற்றிவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். அம்மன் அறிவாள், மன்னித்துவிட்டாள் என்று அம்மா சொன்னார்.

ஆனால் அந்த மத்தியானத்துக்குப் பிறகு மாக் மீனாச்சி கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அவனும் போன பிறகும் வைக்கவில்லை. திருவிழாவுக்குப் பலகாரம் செய்து யாரிடமாவது கொடுத்தனுப்புவார். வெள்ளிக்கிழமைகளில் சாலையின் மறுபக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். அது அவர்கள் வம்சத்தார் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட கோயில். நாங்கள் நேற்று வந்தவர்கள், உரிமையோடு உள்ளே போனோம்.

ஒரு திருவிழாவில் அப்பா சாலையைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். மாக் மீனாச்சி மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பேத்தி நல்லா இருக்காளே, இன்னும் என்ன?" என்றார் அப்பா.

"அம்மன் விட்டுட்டாங்க. அதுக்காக நான் மறந்துட முடியுமா? போகிக்குப் படைக்கிறேன், முன்னோருங்க வந்து சாப்பிடுறாங்க. அவங்க நம்ம ஆளுங்க, சொன்னா கேட்டுக்குவாங்க. அம்மன்கிட்ட அப்படிச் சொல்ல முடியாது. நீங்க போங்க. உங்க கை சுத்தம்."

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே அப்படி நம்பித்தான் சொன்னார். அப்பா உள்ளே போய் வெகுநேரம் நின்றார். வடிவேலு மூலவருக்கு எதிரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். அவர் தினமும் வருவார். பொய் சொல்லாத இரண்டு பேர் உள்ளே, சொன்னவர் வெளியே. இதில் யார் பக்தர், யார் நல்லவர் என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. எங்கள் சத்தியம் சுத்தமாக இருக்க மாக் மீனாச்சியின் கைதான் அழுக்காயிற்று என்பது மட்டும் தெரியும்.

அண்ணனோ பரணில் இருந்து இறங்கி வந்தபோது வேறு ஆளாக இருந்தார். கோயில் பக்கமே போகவில்லை. கல்யாணத்தைக்கூட மண்டபத்தில் வைத்துக்கொண்டார். கருப்புச் சட்டைக்காரன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். நாத்திகம் பேசுகிற பிள்ளையைப் பெற்றேனே என்று அப்பா சாகும்வரை திட்டினார்.

6

ஹெலன் கொடுத்த கெடு நெருங்கியபோது அண்ணனுக்குத் தொலைபேசி போட்டேன். அண்ணி போன பிறகு அதே தெருவில் தனியாக இருக்கிறார். குடியுரிமையை விடப்போகிறேன் என்றதும் ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். "போற எடத்துல நல்லா இருந்தா சரிலா" என்றார். பிறகு இந்த விஷயத்தைச் சொன்னேன்.

"எதச் சொல்லப் போற?"

"அதத்தான் உங்ககிட்ட கேக்கிறேன். எனக்குச் சாமிய இழுத்துச் சொல்லவும் பயமா இருக்கு, விட்டுட்டுச் சொல்லவும் மனசு வரல. நீங்கதான் சாமி இல்லங்கிற ஆளாச்சே."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"நான் எப்பம்மா சாமி இல்லன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. நாங்கள்தான் சொன்னோம்.

"அப்புறம் ஏன் கோயிலுக்குப் போறதில்ல?"

"மாக் எனக்காக வெளிய நின்னாங்க. நான் மட்டும் உள்ள போயி அர்ச்சன தட்டு நீட்டுவேனா? அது எப்படி முடியும்?"

"அவங்க போயி எத்தன காலமாச்சு, அண்ணே."

"அவங்க போயிட்டாங்க. நான் இருக்கேன்ல."

"அப்பா கடைசி வரைக்கும் உங்களத் திட்டுனாரே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, அப்பா எப்படி உள்ள போவாரு?" என்றார் அண்ணன்.

7

விழா நகர மண்டபத்தில் நடந்தது. கழுத்தில் சங்கிலி மாட்டிய மேயர், கொடிகள், ஓரத்தில் தேநீரும் கேக்கும். கடவுளோடு சொல்கிறவர்களை முதலில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். பலர் எழுந்தார்கள். சிலர் கையில் தத்தம் மறைநூலைப் பிடித்திருந்தார்கள். என் கால்களும் எழத்தான் பார்த்தன. ஆயுளெல்லாம் விளக்கேற்றியவள் அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பது சுலபமில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் முறை வந்தது. எழுந்தேன். ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று மேயர் சொல்லச் சொல்லச் சொன்னேன். ஜப்பானியர்கள் ஒரு மன்னருக்கு விசுவாசம் கேட்டார்கள். மண்டோர் அம்மன் பெயரைச் சொல்லிக் கேட்டான். இங்கே கேட்டது மக்களுக்கு. அந்தச் சொல் வந்தபோது என் மனசில் வந்த முகம் ஆஸ்திரேலியாவைக் கண்ணால் காணாத ஒரு சாரோங்குக்காரியுடையது. நான் கடவுளை விட்டுவிட்டுச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அவரை அறிந்தபடியே, கொஞ்சம் தள்ளி நின்று சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில் வசந்தி ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு மறு கையால் என் தோளை அணைத்தாள். இத்தனை வருடத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா மா, நான்தான் சொன்னேன்ல. சின்னதுதான் ஈசி. இதுக்குப் போயி சாமியெல்லாம் எதுக்கு? இப்பதான் நீங்க அசல் ஆஸ்திரேலியாக்காரி."

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? வேலைக்கு நேரமாகிறது என்று அவசரமாகச் சொன்ன தன் வாக்குறுதியை அவள் இனி லேசாக நினைக்க முடியாது. யாரும் தாம்பாளத்தோடு வந்து எதிரே நிற்காத ஊரில், கை சுடாமல் ஒரு சத்தியம் சொல்ல அவளுக்குக் கிடைத்திருக்கிறது. இந்த ஊர் அவளுக்குத் தந்திருப்பதில் அதுதான் பெரிது என்று எனக்குப் படுகிறது.

"ஆமாம்மா. சின்னதா இருந்துச்சு" என்றேன்.